சம்பந்தியம்மாள் கொண்டையில் ஒரு நீலப்பட்டைத் தேனீ

ஆவணி ஏழு, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். வாசல் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். (ஆமாம், அப்படிப்பட்ட ஆள்தான்.) அன்று காலை மகள் கயலைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து வருவதாக ஏற்பாடு. கயலுக்குப் பையனை ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. அவன் வீட்டார் சம்மதம்தான் பாக்கி.

அவர்கள் வர அரைமணி இருக்கும்போது துளசிப் பூவில் அது வந்து உட்கார்ந்தது. நீலப்பட்டைத் தேனீ! உத்தமபாளையத்தில், என் வீட்டுத் தொட்டியில்! கறுப்பு வயிற்றில் மயில்கழுத்து நிறப் பட்டைகள். நான்கு என்றால் பெண், கொட்டும். ஐந்து என்றால் ஆண், கொடுக்கே கிடையாது. எண்ணலாம் என்றால் ஒரு நொடி நின்றால்தானே! சிறிது நேரம் குளிரில் வைத்தால் அசையாது என்று படித்திருந்தேன். பிடித்தேவிட்டேன். டப்பாக்கள் எல்லாம் பலகாரத்துக்குப் போயிருந்ததால், ஃபிரிட்ஜில் மல்லிகைச் சரம் வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவிலேயே விட்டு மூடினேன். (பூவுக்குள் இருந்தால் அதற்கும் சுகம்தானே!)

கார் வந்தது. வரவேற்ற பரபரப்பில் தேனீயை மறந்தேன். நினைவு வந்தபோது என் மனைவி செல்வி, அந்தச் சரத்தைப் பையனின் அம்மா கொண்டையில் சூட்டி முடித்திருந்தாள்.

கொண்டையில் நீலமாக ஏதோ அசைந்தது. சோபாவுக்குப் பின்னால் பூனைபோலப் போய், செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் குனிந்தேன்.

"என்னங்க, அங்கன என்ன பண்றீக?"

"யாரும் அசையாதீக! எண்ணிக்கிட்டிருக்கேன்!"

"எதை, நரைமுடியவா?" என்றார் பையனின் அப்பா.

"அஞ்சு! அஞ்சு பட்டை! ஆம்பளைதான், கொட்டாது!"

அந்த அம்மாள் சிலையானார். காதோரம் ரீங்காரம். நான் உண்மையைக் கொட்டித் தீர்த்தேன். கயல் கதவோரம் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தேனீ மட்டும் நிதானமாகக் கிளம்பி ஜன்னல் வழியே போனது.

"நல்லா எண்ணுனீகளா, அண்ணே?" என்றார் அந்த அம்மாள்.

"ரெண்டு தடவைம்மா."

அவர் மெல்ல மூச்சு விட்டார். "இம்புட்டுப் பதனமா எண்ணுற மனுசன் வீட்டுல தாராளமாப் பொண்ணெடுக்கலாம்."

இன்றும் போடிக்குப் போனால், பூ வைக்கும் முன் சரத்தை என்னிடம் நீட்டுவார்: "அண்ணே, எண்ணிக் குடுங்க." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் அவசரமாக.

ஏனென்றால் மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டைகள் நான்குதான். ஐந்தாவது, அதன் முதுகின் குறுக்கே கிடந்த பூக்கட்டிய நூல்.