மம்பட்டி சார் நடத்திய மீட்டிங்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே பதினோரு நிமிடத்தில் ஒரு மீட்டிங்கை முடித்து, வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு எழுந்து போகச் செய்த ஒரே மனிதர் எங்கள் மம்பட்டி சார்தான். கும்பகோணம் பக்கம் இன்னொருவர் இருந்ததாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

எங்களுடையது விதை நெல் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம். அவர் மேனேஜராக வருவதற்கு முன்னால் திங்கட்கிழமை மீட்டிங் பத்து மணிக்குத் தொடங்கும். தொடங்கும் என்றா சொன்னேன்? "நீங்க சொல்லுங்க", "சேச்சே, நீங்க மொதல்ல சொல்லுங்க" என்று மரியாதையிலேயே அரை மணி போகும். அப்புறம் குத்தாலம் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கரன் வாயைத் திறப்பார். எத்தனை மூட்டை விதை வேண்டும் என்று கேட்டால், மேட்டூர் அணை திறந்ததிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கதையில் தண்ணீர் கல்லணையைத் தொடுவதற்குள் எங்களுக்குப் பசி வந்துவிடும். நடுவில் குடோன் செல்வம் யாரையாவது "அறிவிருக்காய்யா?" என்று கேட்டிருப்பார். கேட்கப்பட்டவர் சும்மா விடுவாரா? மூட்டை விவகாரம் அடுத்த திங்கட்கிழமைக்குப் போய்விடும்.

புது மேனேஜர் முதல் மீட்டிங்குக்கு ஒரு மண்வெட்டியோடு வந்தார். நிஜ மண்வெட்டி. காய்ந்த சேறுகூட உதிரவில்லை. கண்ணாடி மேஜையில் நியூஸ் பேப்பரை விரித்து அதன்மேல் வைத்தார்.

"எங்க ஊர்ல வாய்க்கால்ல தண்ணி கொறைஞ்சா முறை வெச்சுத்தாங்க பாய்ச்சுவோம். யாரோட முறையோ அவர் மம்பட்டியோட எறங்குவார். மத்தவங்க வரப்புல நிக்கணும். இங்கயும் அதேதாங்க. மம்பட்டியைத் தோள் ஒசரத்துக்குத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னு பேசணும். கை எறங்கிட்டா முறை முடிஞ்சுது."

பாஸ்கரன் பெருமையாக மண்வெட்டியைத் தூக்கினார். "மேட்டூர்ல..." என்று ஆரம்பித்தார். கை ஆடியது. பவானி வரைகூட வரவில்லை. "குத்தாலத்துக்கு நூத்திருபது மூட்டைங்க, அவ்வளவுதாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரே வரியில் பதில் வந்து அன்றைக்குத்தான் கேட்டோம்.

இன்னொரு விதியும் உண்டு. தப்பு நடந்தால் "யார் செஞ்சா?" என்று கேட்கக் கூடாது. "இப்ப என்ன செய்யலாங்க?" என்றுதான் கேட்க வேண்டும். செல்வத்துக்கு இது பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது. ஒருநாள் எலி கடித்த சாக்கைத் தூக்கிக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஐயா, இந்தச் சாக்கை வெளியிலயே போட்டுட்டுப் போன மகராசனோட சேர்ந்து இப்ப என்ன செய்யலாங்க?" என்றார். சார் அதையும் முன்னேற்றம் என்று ஒப்புக்கொண்டார்.

இந்தத் திட்டத்தை முறியடித்தவர் கிளார்க் மீனாட்சி மட்டும்தான். பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு வயலுக்குப் போய் வளர்ந்தவர். ஒற்றைக் கையில் மண்வெட்டியை ஏந்திக்கொண்டு, மின்விசிறி, குடிதண்ணீர், லீவு லெட்டர் என்று கால்மணி நேரம் விளாசினார். கை அசையவில்லை. "அம்மா, உங்களுக்கு மட்டும் ரெண்டு மம்பட்டி வாங்கணும் போலிருக்கு" என்று சார் கும்பிட்டார். மறுநாளே மின்விசிறி வந்தது.

அவர் ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் வைத்ததில்லை. வீடியோ காலிலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் பேசுவார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர், "வயல்ல இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, மீட்டிங்லதான் இருக்கேன்" என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. தஞ்சாவூர் கிளையை மூடிவிட்டு எல்லோரையும் கோயம்புத்தூருக்கு மாற்றப்போகிறார்கள். என் மனைவிக்குத் திருக்காட்டுப்பள்ளியில் டீச்சர் வேலை. பெண்ணுக்கு எட்டு மாதம்.

மண்டல மேலாளர் நேரில் வந்தார். திரையில் படம்மேல் படமாகப் போட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். வளர்ச்சி என்றார், ஒருங்கிணைப்பு என்றார். மூடுவதா இல்லையா என்பதை மட்டும் சொல்லவில்லை. மம்பட்டி சார் எழுந்தார். "ஐயா, ஒரு சின்ன விண்ணப்பங்க" என்று மண்வெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினார்.

மனுஷன் அதை மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்! சால்வைக்குப் பதில் தஞ்சாவூர்க்காரர்கள் மண்வெட்டி தருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, புன்னகையோடு தோள் உயரத்துக்குத் தூக்கி, "போட்டோ எடுத்துக்குங்க" என்றார். எடுத்தோம். அந்தக் கோலத்திலேயே பேச்சைத் தொடர்ந்தார். ஒரு நிமிடத்தில் கை நடுங்கியது.

"சுருக்கமா சொல்லணும்னா, ஆபீஸை மூடறோங்க" என்றார்.

மண்வெட்டி வேலை செய்துவிட்டது. பாழாய்ப்போன மண்வெட்டி!

சார் அதை வாங்கித் தோள் உயரத்துக்குத் தூக்கினார். "இப்ப என் முறைங்க" என்றார். இரண்டு நிமிடத்துக்குமேல் பேசி நாங்கள் பார்த்திராத மனிதர் அவர். அன்றைக்குக் குறுவைக்கு விதை கேட்டு வரும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பாஸ்கரனுக்குத் தெரியாத வயல் குத்தாலத்தில் இல்லை என்றார். செல்வம் கோபப்படுவது நெல்லுக்காகத்தான் என்றார். பத்து நிமிடம் ஆனது. வியர்வை காதோரம் வழிந்தது. "இவர் வீட்டம்மா திருக்காட்டுப்பள்ளியில டீச்சருங்க. கொழந்தைக்கு எட்டு மாசம். இவரை அங்க அனுப்பிட்டு நாம என்னத்தங்க ஒருங்கிணைக்கப் போறோம்?" என்று என்னைக் காட்டினார்.

"சார், ரெண்டு கையால புடிங்க" என்று மீனாட்சி முணுமுணுத்தார். மேலாளருக்கே தாங்கவில்லை. "கை நடுங்குது சார். கீழ வெச்சுட்டுப் பேசுங்களேன்."

"கை எறங்கினா என் முறை முடிஞ்சுடுங்க. இன்னும் மீனாட்சியம்மாவைப் பத்திச் சொல்லலை."

சொன்னார். இருபத்தைந்து நிமிடம்! கடைசியில் மேலாளர் எழுந்து வந்து மண்வெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "போதுங்க சார். ஆபீஸ் இங்கயே இருக்கட்டும். தலைமை அலுவலகத்துல நான் பேசிக்கிறேன். தயவுசெஞ்சு எறக்குங்க" என்றார். சொன்னபடியே செய்தும் காட்டினார்.

அவர் கார் கிளம்பிய பிறகு காபி வந்தது. சாரால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நான் ஆற்றி அவர் வாயருகே பிடித்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, திருட்டு முழியோடு எங்களைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க. மீட்டிங் ரொம்ப நீண்டுபோச்சு" என்றார்.

டம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அன்று சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன்.