பதில் தராத கணிப்பொறிக்கு ஏழு நாள் அவகாசம்

திருவனந்தபுரத்து அரசு அலுவலகங்களின் வரலாற்றிலேயே, ஒரு கணிப்பொறியைக்கூடச் சேதப்படுத்தாத ஒரே அதிகாரி என்ற பெருமை வலியசாலை சுந்தரராமனுக்கே உரியது. ஏனென்றால் அவர் ஒன்றையும் தொட்டதில்லை. 2001இல் சான்றிதழ் பிரிவுக்குக் கணிப்பொறி வந்த அன்று, அதன் நெற்றியில் சந்தனப் பொட்டைக்கூடப் பியூனை விட்டுத்தான் வைக்கச் சொன்னார். செருப்போடு யாரும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்பதும் அவர் உத்தரவே.

அப்பேர்ப்பட்டவரின் ஆட்சியில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கணிப்பொறி உறைந்தது. திரையில் போனக்காடு ஜிஷாவின் பிறப்பிடச் சான்றிதழ் பாதியில் நின்றது. ஜிஷாவும், எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் அவள் அம்மா செல்லபாயும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் காத்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு நர்சிங் பள்ளியில் நேர்முகம். சான்றிதழ் இல்லாவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"சாரே, மவுஸும் அனங்கல, கீபோர்டும் கேக்கல," என்றாள் டைப்பிஸ்ட் ஷெமி. "மூணு கீயைச் சேர்த்து அமுக்கியும் பாத்தாச்சு. இனி பவர் பட்டனை அஞ்சாறு செகண்டு அமுக்கிப் பிடிச்சா ஓஃபாகும். அரை நிமிஷம் விட்டு ஓண் பண்ணலாம். அத்ரேயுள்ளூ, அவ்ளோதான்."

"அமுக்கிப் பிடிக்கறதாவது! கழுத்தை நெரிக்கறாப்பல இருக்கு நீ சொல்றது!" என்று பதறினார் சுந்தரராமன். "அது என்ன சொல்றதுன்னு மொதல்ல கேக்க வேண்டாமோ?"

"அது ஒண்ணும் சொல்லலையே சாரே. அதுதானே பிரச்சனை?"

விதி தெரிந்தவரிடம் இதெல்லாம் எடுபடுமா? கேட்டதற்குப் பதில் தராத ஊழியருக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் 'மேல் நடவடிக்கை'. கணிப்பொறி மட்டும் என்ன பாவம் செய்தது? அவரே கோப்பு திறந்து, அதை அணைக்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். அனுமதி வரும்வரை என்ன செய்வதென்று யோசிக்க அலுவலகத்திலேயே ஒரு குழு கூடியது. சாயாவும் பருப்புவடையும் வந்தன. 'பொறுமை காப்பது' என்று ஏகமனதாக முடிவாயிற்று.

பன்னிரண்டரைக்குக் கரண்டு போனது. "ஸ்தோத்திரம்!" என்றாள் ஷெமி. ஆனால் சுந்தரராமன் போராடி வாங்கிய யு.பி.எஸ். கீ கீ என்று கத்திக்கொண்டே, உறைந்த கணிப்பொறியை உறைந்தபடியே காப்பாற்றிவிட்டது. பத்து நிமிடத்தில் கரண்டும் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் நின்ற செல்லபாய்க்குப் பொறுக்கவில்லை. "எஸ்டேட்டு ஃபாக்டரியில மெஷினு இறுகி நின்னா, மொத வேல சுவிச்ச அணைக்கிறதுதான் சாரே. உள்ள ஆரு கையாவது மாட்டியிருக்கும்."

"இங்கே யார் கையும் மாட்டலியே அம்மா."

"எம் புள்ள மாட்டியிருக்காளே!"

ஒன்றேகாலுக்கு அவர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, ஷெமி பட்டனை அமுக்கிப் பிடித்து ஆறு வரை எண்ணினாள். திரை கறுத்தது. அரை நிமிடம் பொறுத்து மறுபடி போட்டாள். அது நீலத் திரையில் தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டு சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது. ஒன்றரைக்குச் சான்றிதழ் கையில். ஆட்டோவில் போனால் பள்ளிக்குப் பத்து நிமிடம். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

திரும்பி வந்த சுந்தரராமன் பேனாவைத் திறந்தார். மூடினார். கோப்போ மேலிடத்தில் இருக்கிறது. அனுமதி வராமல் எழுந்துவிட்ட இயந்திரம் தந்த காகிதம் செல்லுமா?

"சாரே, ஒரு ஒப்பு," என்றாள் ஷெமி.

பதில் இல்லை.

"சாரே?"

கண்கூட அசையவில்லை. ஜிஷா அழுதாள். அதற்கும் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டடித்தது.

செல்லபாய் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ஷெமியிடம் திரும்பினாள்.

"மோளே, இவருக்கு அந்தப் பட்டன் எங்க இருக்கு?"

ஏழாம் நாள் அனுமதி வந்தது. சுந்தரராமன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஷெமிக்கு ஒரு மெமோ கொடுத்தார். சம்பவ அறிக்கைப் படிவத்தையும் தம் கையாலேயே நிரப்பினார். 'இயந்திரத்துக்குச் சேதம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். ஜிஷாவின் சீட்டை எழுத, அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.