அத்தை கொடுத்த தகரத்தின் கீழே

மதிப்புக்கும் நடுக்கத்துக்கும் உரிய நகிமுலி அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகன் செந்தாமு முழந்தாளிட்டு எழுதுவது. (உடம்பு நாற்காலியில்தான் இருக்கிறது; மனசுதான் முழந்தாளிட்டிருக்கிறது.) இங்கே நாங்களும் ஆடுகளும் நலம். கம்பாலாவில் நீங்களும் கோழிகளும் நலமா?

முதலில் ஒரு பேரறிவிப்பு. நம் ஊர்க் கூட்டுக் கைவினைக் கூடத்துக்கு இன்று காலை பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கப்பட்டது. கூடத்தின் தலைவரான அப்பா அதை உயர்த்திக் காட்ட, அனைவரும் எழுந்து நின்று கை தட்டினோம். கதவு இன்னும் வைக்கவில்லை. அதனால் பூட்டைத் தூணில் மாட்டிப் பூட்டியிருக்கிறோம். பூட்டு திருட்டுப் போய்விடக் கூடாதல்லவா?

கூரைத் தகரம் முழுவதும் நீங்கள் கொடுத்தது என்பதை யாரும் மறக்கவில்லை. மறக்க நீங்கள் விட்டதும் இல்லை. "ஈஸ்டருக்குள்ள ஒரு முழு மரப்பட்டைத் துணி என் கைக்கு வரணும். வரலைன்னா தகரத்தைப் பிரிச்சு என் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்குவேன். கூட்டைக் கழுவ அந்தச் செந்தாமுப் பயலையும் கூட்டிட்டுப் போவேன்" என்று நீங்கள் சொன்ன அன்பு மொழி என் காதிலேயே குடியிருக்கிறது. ஆகவே கூடம் பிழைத்தால்தான் நான் பிழைப்பேன் என்று களத்தில் இறங்கினேன்.

பாரம்பரியத் தொழில்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் அவை கைகோத்து வளரும் என்றார் அப்பா. கோத்தன, அத்தை, குஸ்திக்காரர்கள் கோப்பதுபோல. கபுயே தாத்தா மரப்பட்டையைச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தால் தரை அதிர்கிறது. தரை அதிர்ந்தால் முசோக்கேயின் ஈரப் பானைகள் ஆட்டம் போடுகின்றன. "யோவ், உன் அடியில என் பானைக்கு வாய் கோணிப்போச்சுய்யா!" என்று முசோக்கே கத்துவார். "போன வருஷப் பானையும் கோணலாத்தானே இருந்துச்சு? அதையும் நானா அடிச்சேன்?" என்பார் கபுயே. கூடை பின்னும் நலுபேகா அக்கா நடுவில் வருவார், சமாதானத்துக்கு அல்ல: "நான் ஓலை ஊறவெச்ச தண்ணியில களிமண் கையைக் கழுவினது எவன்? நான் கூடை பின்றதா, சேத்துல மீன் பிடிக்கிறதா?" உடனே அப்பா, "சாப்பிட்டுப் பேசலாம்" என்பார். இந்த ஒரு தீர்மானம் மட்டும் எப்போதும் ஒருமனதாக நிறைவேறும்.

மூவரும் ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒன்று உண்டு: நம் வாழைத் தோட்டத்தை மொட்டையடித்தது. ஈரப் பானையை மூட முசோக்கேவுக்கு இலை வேண்டும். கூடைக்கு உள்நாராக நலுபேகாவுக்கு மட்டை வேண்டும். 'சாப்பிட்டுப் பேச' மத்தோக்கே வாழைக்காயை மூடி அவிப்பதற்கு மீதி இலை எல்லாம் வேண்டும். இப்போது நம் தோட்டத்தில் நிற்பவை வாழைகள் என்று ஊருக்குப் புதியவரிடம் சத்தியம் செய்துதான் நம்பவைக்க வேண்டும்.

துணிக்கு மரம் கிடைக்காமல்தான் வேலை நின்றது. கபுயே தன் மரங்களையெல்லாம் போன மழையில்தான் உரித்திருந்தார். அவற்றுக்கு இன்னும் புதுத்தோல் கூடவில்லை. அப்போது இந்த அடியேன்தான் நெட்டையான, வடுவில்லாத முதுபா மரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மரத்துக்குச் சொந்தக்காரர் பரந்த மனசுக்காரர், மறுபேச்சே பேசவில்லை. பட்டை உரிந்தது, அடித்தோம், வெயிலில் விரித்தோம். செம்மண் நிறத்தில், ஒரு ஓட்டை இல்லாத முழுத் துணி! கூடம் பிழைத்தது என் ஒருவனால் என்று நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே. மசாகா பஸ்ஸில் துணியையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

உங்கள் கோழிகள் இரட்டை மஞ்சள் கருவோடு முட்டையிட்டு, உங்கள் முழங்கால் வலி பக்கத்து வீட்டுக்குக் குடிபோகட்டும்.

என்றும் பணிவுள்ள,
செந்தாமு

பி.கு.: அத்தை, உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்? அந்தப் பரந்த மனசுக்காரர் நீங்கள்தான். உங்கள் நிலத்து எல்லையில் நிற்கும் மரம். உங்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். எழுதவில்லை. மறுபேச்சு பேசவில்லை என்றது மட்டும் உண்மை.

உரித்த மரத்தை உடனே வாழை இலையால் சுற்றிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து சாகும் என்று கபுயே அலறினார். தோட்டத்தில் இலை ஏது? ஓடிப்போய், ஈஸ்டருக்கென்று நீங்கள் நம் வீட்டுப் பெட்டியில் வைத்துப்போன பச்சைக் கோமேசி அங்கியை எடுத்து வந்து மரத்துக்குக் கட்டிவிட்டேன். தோள் கூம்பு, இடுப்புப் பட்டை எல்லாம் கச்சிதம், அளவுகூட உங்களுடையதேதான்.

மறுநாள் பனியில் அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டு நமுத்தேபி, நீங்கள்தான் ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று ஈரத் தரையில் மண்டியிட்டு, "அத்தை, நல்லா வந்து சேர்ந்தீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா? கோழிங்க சுகமா?" என்று முறைப்படி கேட்டிருக்கிறாள். மரம் பேசுமா? "கம்பாலா போனதும் தலைக்கனம் ஏறிடுச்சு. ஒரு 'ம்' கூட சொல்லல, அந்தப் பக்கமே பாத்துட்டு நிக்கிறாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஊரும் நம்பிவிட்டது, அத்தை. யாருமே சந்தேகப்படவில்லை.

வரும்போது முதல் வேலையாக அவளுக்கு ஒரு 'ம்' சொல்லிவிடுங்கள். கோமேசியை இப்போது கேட்காதீர்கள்; புதுத்தோல் கூடும்வரை அவிழ்க்கக் கூடாதாம். துணி நிஜமாகவே நன்றாக வந்திருக்கிறது, தடவிப் பாருங்கள். தகரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கூடு கழுவத் துடைப்பத்தை நானே கொண்டுவருகிறேன்.