துளசிங்கம் வாங்கிவந்த டப்பா

பிள்ளை விஷயத்தில் இனிமேல் பெண்டாட்டியை நம்புவதில்லை என்று துளசிங்கம் முடிவெடுத்தபோது, பெண்டாட்டி கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். அவள் கரையில் இருக்கும்போது அவனுக்கு இந்த மாதிரி முடிவுகள் வருவதில்லை.

செவ்வந்தி ஓலைப் பறிக் கூடையை வாயில் கடித்துக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். விடிந்ததும் இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் கரைக்கு வருவாள். துளசிங்கம் ராத்திரி வலைக்குப் போய்விட்டு, அவள் கிளம்புகிற நேரத்துக்கு வீடு திரும்புபவன். புருஷன் பெண்டாட்டி சந்திப்பதெல்லாம் வாசற்படியில்தான். அங்கே ஒரு பிள்ளை கைமாறும். எட்டு மாதம். பெயர் ரஞ்சித்குமார். பெயரில் இருந்த நீளமும் அகலமும் உடம்பில் இல்லை.

அவர்கள் ஊரான தோணிரேவில் பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏரியில் ஊறி வந்த உடம்போடு உடனே பால் கொடுக்கக் கூடாது. ஈரச்சேலையை மாற்றி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முதல் பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டுத்தான் பிள்ளையை மடியில் போடவேண்டும். செவ்வந்தி ஒரே ஒரு நாள் அதை மீறினாள். மூத்தவள் வினோதினி பசி தாங்காமல் கத்திய அன்று, ஈரத்தோடு கரை மணலிலேயே உட்கார்ந்து கொடுத்துவிட்டாள். அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல், இழுப்பு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பும்போது துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

"நெஞ்சுல சளி கட்டிடுச்சும்மா. பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். துளசிங்கத்தின் காதில் அது ஏறவில்லை. குழியை மூடிவிட்டு வந்தவன், வாசலில் நின்று, ஊரே கேட்க, "உன் ஏரிப்பால்தான்டி எம்பொண்ண கொன்னுது" என்றான்.

குழம்பில் உப்புக் குறை சொன்னாலே தெருவைக் கூட்டுகிறவள் செவ்வந்தி. அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது பால்வாடி டீச்சர் ரஞ்சித்குமாரை எடை போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் ஊட்டவேண்டும் என்றார். துளசிங்கத்துக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பயந்த ஆண்பிள்ளை என்ன செய்வான்? பொன்னேரிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் ஒரு டப்பா மாவு வாங்கினான். டப்பாமேல் ஒரு பிள்ளை சிரித்தது. அதன் ஒற்றைத் தொடை முழு ரஞ்சித்குமாருக்குச் சமம்.

கிழிந்த வலைக் குவியலுக்குள் டப்பாவை ஒளித்தான். பத்து வீடு தள்ளி இறால் கெட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற மூக்கு செவ்வந்தியுடையது என்பதை மறந்துபோனான்.

முதல் நாள் மகன் அதை அப்பன் முகத்திலேயே துப்பினான். அடுத்த நாளிலிருந்து என்ன மாயமோ, விரலைச் சேர்த்துச் சப்பினான். டப்பாவைத் திறந்தாலே வறுத்த பருப்பு வாசனை. 'கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்' என்று துளசிங்கம் மெச்சிக்கொண்டான். இன்னொரு அதிசயமும் இருந்தது. எவ்வளவு அள்ளினாலும் டப்பா குறையவில்லை. குறையாத டப்பாவைக் கண்டு சந்தேகப்படுபவன் புத்திசாலி. துளசிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பக்கத்து வீட்டு அம்மணி ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா துளசிங்கம், புள்ளைக்கு இன்னா ஊட்டுற?"

"கஞ்சி."

"வாசன தூக்குதே!"

"ஏன், கஞ்சின்னா வாசன வரக் கூடாதா?"

"வரலாம், வரலாம்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

அந்த நாட்களில் வீட்டு டீயும் ருசியாகிப்போனது. கெட்டியாக, இனிப்பாக, தொண்டையில் நின்று இறங்கியது.

"டீ சூப்பரா கீதுமே. இன்னா போட்ட?"

"பாசத்த போட்டேன்."

"அப்ப தெனமும் போடு."

"போட்டுனுதான்யா கீறேன்."

துளசிங்கத்துக்கு லுங்கி முடிச்சு நிற்க மறுத்தது. "நீ ஏறினா தோணி ஒரு பக்கமா சாயுதுடா" என்று கூட்டாளிகள் கத்தினார்கள். கவலை தீர்ந்தால் உடம்பு போடும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மறுபடியும் எடை போடும் நாள் வந்தது. தொட்டிலில் போட்டதும் முள் ஏறியது. டீச்சர் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லயே! செவ்வந்தி, இன்னா குடுத்த?"

செவ்வந்தி வாயைத் திறக்குமுன் துளசிங்கம் முன்னால் பாய்ந்தான். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அவள ஏன் டீச்சர் கேக்குறீங்க? நான் குடுத்தேன். இத்த. ஏரிப்பால நம்பிக் கெடந்தா இவனும்..."

மிச்சத்தை விழுங்கிவிட்டான். ஆனால் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மணி மட்டும் எழுந்து வந்து, டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை வாயில் போட்டாள்.

"அட பாவி மனுசா! இது எங்கூட்டு அடுப்புல நானும் உன் பொண்டாட்டியும் வறுத்த மாவுய்யா! பச்சரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கல்ல. டீச்சரம்மா சொல்லிக் குடுத்தது. அவ ஊட்டுல வறுத்தா உனக்கு வாசன தெரிஞ்சிடும்னு எங்கூட்டுல வறுத்தோம்."

துளசிங்கம் டப்பாவைப் பார்த்தான். டப்பாமேல் இருந்த பிள்ளை சிரித்தது.

"அப்ப... கம்பெனி மாவு?"

"டீயில" என்றாள் செவ்வந்தி. "காசு குடுத்து வாங்கினத கொட்ட மனசு வரல."

பால்வாடியே அவன் வயிற்றைப் பார்த்தது. சிரிப்பு கரைவரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் துளசிங்கம் முனகினான். "என்னாண்ட சொல்றதுக்கு இன்னாமே?"

"நான் வறுத்ததுன்னா நீ தொடுவியா? என் கையால வர்றது எதுவும் புள்ளைக்கு ஆகாதுன்னு நெனச்சிதான டப்பா வாங்கின?"

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"மாவு மட்டும் இல்லய்யா. நீ ஊட்டிட்டுப் படுத்ததும் நான் கரையேறி வந்து பாலும் குடுத்தேன். ஒருநாளும் நிறுத்தல. அதே ஏரிதான். அதே பால்தான்." பிள்ளையின் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டாள். "வினோதினி குடிச்ச அதே பால்."

துளசிங்கம் வழியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். மகளைப் புதைத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. செவ்வந்தியும் அழுதாள். ஆனால் அவள் நின்றபடியே அழுதாள், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏந்திரி. ஊர்ல பாக்குறாங்க" என்றாள் கடைசியில்.

மறுநாள் துளசிங்கம் வலையிலிருந்து வந்து படுக்கவில்லை. பிள்ளைக்கு மாவைக் கரைத்து ஊட்டினான். வெயில் ஏறியதும் அடுப்பை மூட்டினான். வெந்நீர் வைத்தான். காய்ந்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டான். அடுப்பருகே மணையைப் போட்டுத் துடைத்தான். செவ்வந்தி ஈரம் சொட்டச் சொட்ட வந்து, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். சேலை மாற்றி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுப் பசியாற்றினாள். பிறகு அதே அடுப்பில் டீ போட்டு அவனிடம் நீட்டினாள்.

துளசிங்கம் டம்ளரைப் பிடித்தபடி நின்றான்.

"செவ்வந்தி, அன்னிக்கி வாசல்ல நான் சொன்னது..."

"டீ ஆறுது. குடி."

குடித்தான். முகம் சுருங்கியது.

"இன்னாமே, வெறும் தண்ணியா கீது?"

"பாசம் தீந்துபோச்சு" என்றாள் செவ்வந்தி. "வேணும்னா பொன்னேரிக்குப் போயி இன்னொரு டப்பா வாங்கினு வா."