ஆழ்துறையார் வாசலில் சிக்கிய படலம்

கடல்சூழ் திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையிலே, உவர்க்காற்றுக்கு அஞ்சாத இரும்பும் அதற்கு அஞ்சி நாள்தோறும் துருவேறும் இரும்பும் அருகருகே கிடந்து வழக்காடும் பட்டறையொன்றின் அலுவலகத்தில், கோணாத கோடும் குலையாத வரிசையும் தன் இரு படைக்கலங்களாக, கைப்பைக்குள் நீர்மட்டக் கருவியொன்றை உறைவாள்போல் வைத்து வீற்றிருந்தவளும், பேனைகளை நீளவாரியாகவும் மனிதர்களை நேரவாரியாகவும் நிறுத்திப் பழகியவளும், எழுபது அகவை கடந்தும் தன் ஆணையில் எவருடைய திருத்தத்தையும் ஏற்றறியாதவளுமாகிய கனகம்மா வாழ்க! தலைவியை வாழ்த்தித் தொடங்குதல் காப்பிய முறை. தலைவி இதை எழுதுகின்ற நானே ஆகையாலும், பின்னால் நிகழ்ந்ததை நான் நன்கறிவேன் ஆகையாலும், வாழ்த்தை இவ்வளவில் நிறுத்துகிறேன்.

ஆழ்துறைத் தொழில்நுட்பச் சேவைகள் என்னும் எங்கள் நிறுவனம் கப்பலின் முதுகுநோயையும் படகு எஞ்சினின் இருமலையும் ஐஸ் ஆலைகளின் காய்ச்சலையும் தீர்த்துவைத்த பெருமருத்துவமனையாகும். அதன் அரசன் என் தம்பி குலசிங்கம். அமைச்சும் காவலும் ஒழுங்கும் நான். ஆயினும் எத்துணைப் பெரிய அரசுக்கும் ஒரு வறட்சிக்காலம் உண்டு. மாரி போய்க் கோடை வந்தும் பட்டறைக்கு ஒரு படகேனும் வரவில்லை. தீப்பொறி பறந்த இடத்தில் ஈ பறந்தது. ஒருநாள் காலை தம்பி என் மேசைக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான்.

"அக்கா, இந்தக் கண்காட்சியிலை ஒரு பெரிய வேலை அகப்படாட்டி நான் பட்டறையைப் பூட்டப்போறன். பொடியங்களுக்குச் சும்மா இருக்கச் சம்பளம் குடுக்க என்னாலை ஏலாது."

அவன் சொன்ன கண்காட்சி, துறைமுக வீதி மண்டபத்தில் நடக்கவிருந்த தொழில்நுட்பக் கண்காட்சி. அவன் சொன்ன பெரிய வேலை, சாம்பல்தீவில் படகுகளும் ஐஸ் ஆலையும் உடைய தவராசா என்னும் பெருநிலக்கிழார், தம் ஆலையை ஆண்டு முழுவதும் பராமரிக்க அங்கே ஆள் தேடி வந்து தரவிருந்த வேலை. எங்கள் முழுநாட்டின் தலைவிதியும் அவர் ஒருவரின் கண்பார்வையில் தொங்கியது.

போருக்குப் புறப்படுமுன் கொடியை நோக்கினோம். அந்தோ, எங்கள் இலச்சினை! நங்கூரமொன்று, பற்சக்கரமொன்று, மின்னலொன்று, துள்ளும் ஓங்கில் மீனொன்று, உதயசூரியனொன்று, இவையனைத்தையும் வளைத்துக்கொண்டு ஒரு வடக்கயிறு. தூரத்தில் நின்று பார்ப்போர் அதை ஒரு தட்டுச் சோறு என்று கருதினர். இணையத்தளமோ, "இத்தளம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது" என்ற ஒற்றை அறிவிப்போடு, எத்தனையோ கப்பல்கள் கட்டப்பட்டு உடைக்கப்பட்ட பின்னரும் கட்டப்பட்டுக்கொண்டேயிருந்தது. அதை நாள்தோறும் சென்று பார்த்துவந்தவள் நான் ஒருத்தியே. அறிவிப்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கவே போனேன்.

ஆகவே தோப்பூரிலிருந்து ஸுல்பிகா வரவழைக்கப்பட்டாள். மடிக்கணினியே கேடயமாக, சுட்டுவிரலே அம்பாக வந்த அந்த இளம் வடிவமைப்பாளர், எங்கள் இலச்சினையை ஒரு கணம் உற்றுநோக்கி, "அன்ரி, இதிலை எதை விட்டால் உங்களுக்கு அழுகை வராது?" என்று கேட்டாள். அன்று தொடங்கிய போரில் ஓங்கில் முதல்நாளே வீழ்ந்தது. சூரியன் மறைந்தது. மின்னல் நெடிது போராடி மாண்டது. புகை அடங்கியபோது களத்தில் எஞ்சியவை ஒரு நீல அலையும் அதன்மேல் ஒரு ஸ்பனரும் மட்டுமே. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. ஆயினும் தோற்றவள் அதை உடனே ஒப்புக்கொள்ளுதல் போர்முறை அன்று. ஆதலால் ஸ்பனரின் சாய்வை என் நீர்மட்டத்தைத் திரையிலேயே வைத்து அளந்து, "சரி" என்று மட்டும் சொன்னேன்.

இனிக் கண்காட்சியில் நாங்கள் நிறுத்தவேண்டிய காட்சிக்கூடம். ஸுல்பிகா வரைந்து காட்டியது, மடித்தெடுக்கத்தக்க இலேசான சட்டங்களில் அச்சிட்ட துணியைப் பூட்டி, மண்டபத்துக்குள்ளேயே கவ்விகளால் இணைத்து நிறுத்தும் ஒரு மெல்லிய கூடாரம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்தேன். துணிக்கும் துணிக்கும் நடுவே ஒரு கோடு! ஒழுங்கென்னும் பெருங்கோயிலின் கருவறைச் சுவரில் விரிசல் கண்ட அர்ச்சகரைப்போல் நான் பதைத்து எழுந்து, பட்டறை முழுதும் கேட்கப் பறையறைந்தேன்:

"ஒட்டுத் தெரியும் எதுவும் ஆழ்துறையின் பெயரைச் சுமக்கலாகாது! காட்சிக்கூடம் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே நிற்கும்! அதை நாமே செய்வோம்!"

வேலையின்றி வாடிக்கிடந்த தீக்குலத்து வீரர்கள் இதைக் கேட்டு ஆர்ப்பரித்தனர். அவர்தம் தலைவன் றிக்சன், எட்டு ஊரில் இல்லாத வெல்டிங் கையுடையோன், "கப்பலுக்கே தகடு வைக்கிற ஆக்கள் நாங்கள், இதுக்குப் போய் ஆரும் துணி கட்டுவினமோ?" என்று முழங்கித் தீச்சுடரை ஏற்றினான். கப்பல் தகடுகள் எழுந்தன. முதுகுச்சுவர் ஒன்று, இரு பக்கச் சிறகுகள், மேலே ஒரு விதானம்; யாவும் ஒரே உடலாய் உருகிச் சேர்ந்தன. முதுகுச்சுவர் முழுதும் நீல அலையும் ஸ்பனரும் தீட்டப்பட்டன. ஒட்டு எங்கே என்று விரலால் தடவித் தேடினேன், இல்லை. நீர்மட்டக் குமிழி நடுவில் நின்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. மண்டபத்தில் எங்களுக்கென ஒதுக்கிய நிலத்தை நான் நேரிற் சென்று மயிரிழையும் பிசகாமல் அளந்து வந்திருந்தேன். அந்நிலத்தில் அது வாளுறையில் வாள்போல் பொருந்தும்.

ஸுல்பிகா மட்டும் வந்துவந்து கேட்டாள்: "அன்ரி, வாசலையும் அளந்தனீங்களோ?" "நீர் இணையத்தளத்தைக் கவனியும்," என்றேன். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் இணையத்தளத்தைக் கவனிக்கச் சொன்னேன்.

கற்றறிந்தோரே, இவ்விடத்தில் ஒன்றை அறிமின். எங்கள் பட்டறைக்குக் கதவு இல்லை. அதன் கடற்பக்கம் முழுவதும் திறந்தே கிடக்கும். அங்கே செய்யப்படுவது எத்துணைப் பெரிதாயினும் சறுக்குப்பாதையில் இறங்கிக் கடலுக்குள் போகும். கடலுக்கு நிலைச்சட்டம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக இரும்பை அளந்தும் அறுத்தும் வளர்ந்த இந்தக் குலத்தில், வாசல் என்றொரு பொருள் இவ்வுலகில் உண்டு என்பதை நினைவில் வைத்திருந்தவர் எவருமிலர். அவர்களை ஆண்டவளும் அதற்கு விலக்கல்லள்.

சனிக்கிழமை காலை, பாரந்தூக்கி பூட்டிய லொறியின்மேல் எங்கள் காட்சிக்கூடம் தேர்போல் புறப்பட்டது. ஓட்டோக்கள் ஒதுங்கின. எங்கள் ஊர்க் கடற்கரை வீதியில் மாடுகள்போல் படுத்திருக்கும் புள்ளிமான்கள் எழுந்து நின்று வழிவிட்டன. நான் முன்னிருக்கையில் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்திருந்தேன். அவ்வளவு நிமிர்வு பிறகு என் முதுகுக்கு வாய்க்கவில்லை.

மண்டப வாசலை முதலில் கண்டவன் றிக்சன். அவன் தொப்பியைக் கழற்றினான்.

முற்றுகை தொடங்கிற்று. கோட்டைக் கதவை மோதும் களிறென நேரே மோதினர், புகவில்லை. பக்கவாட்டில் திருப்பினர், விதானம் தடுத்தது. மண்டபக் காவலர் ஸெய்னுதீன் ஓடிவந்து, "அம்மா, கதவைக் கழட்டித் தாறன், நிலையிலை மட்டும் கை வைக்காதீங்க!" என்று மன்றாடிக் கதவுகளைக் கழற்றித் தந்தார். நான் கையுயர்த்தி, "சரித்துச் செலுத்துங்கள்!" என்று ஆணையிட்டேன். சரித்துச் செலுத்தினர். ஒரு சிறகு உள்ளே போயிற்று. பின்னர் பெருமுழக்கமொன்று எழுந்தது. அதன்பின் எங்கள் காட்சிக்கூடம் முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. நீல அலையும் ஸ்பனரும் வீதியை நோக்கியபடி வாசல் முழுவதையும் அடைத்து நின்றன.

"றிக்சன்," என்றேன், "வாசலை நீர் ஏன் அளக்கவில்லை?"

"அம்மா, கப்பலை இறக்கேக்க ஆரும் வாசலைப் பாக்கிறேல்லையே," என்றான் அவன் மிக மரியாதையோடு.

உள்ளிருந்தோர் வெளியேற இயலாமலும், வெளியிருந்தோர் உட்புக இயலாமலும், குத்துவிளக்கேற்ற வந்த விருந்தினர் தீக்குச்சிப் பெட்டியும் கையுமாகவும் நின்றனர். வாசல் தோரணத்தை ஒரு மான் ஆற அமர மென்றது. சனம் திரண்டது.

"ஏன் தம்பி, கப்பலைக் கடலிலை விடாமல் மண்டபத்துக்குள்ளயோ விடுறியள்?" என்றது ஒரு குரல்.

"உள்ளுக்கை கடல் இருக்கெண்டு நினைச்சிட்டினம் போலை!" என்றது மற்றொன்று.

அக்கணம் ஸுல்பிகா ஓட்டோவிலிருந்து இறங்கினாள். தோளிலே ஒரு நீண்ட பொதி. சுருட்டிய துணியும் மடித்த சட்டமும். என்னைப் பார்த்து, "வாசலை நான் அளந்தனான் அன்ரி," என்று மட்டும் சொல்லி, இரும்புக்கும் நிலைக்கும் நடுவே, மெலிந்த அவள் ஒருத்திக்கே போதுமாய்க் கிடந்த இடுக்கினூடே பொதியை முன்னே தள்ளித் தானும் நுழைந்து மறைந்தாள். தோற்ற என்மேல் அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

அப்போது கூட்டத்தின் விளிம்பில் தவராசாவின் வெண்தலையைக் கண்டேன். தம்பியும் கண்டான். அவன் முகம் பட்டறையின் பூட்டைப்போல் இறுகியது. வீதியோரம் நின்ற எங்கள் வீரர்கள் தரையைப் பார்த்தனர். ஒட்டற்ற அந்தப் பேருருவைக் காப்பதா, ஊரே காத்துநிற்கும் வாசலைத் திறப்பதா என்று என்னுள்ளே இரு படைகள் மோதின. எழுபதாண்டுப் பிடிவாதம் ஒருபுறம், அந்தப் பிள்ளைகளின் கவிழ்ந்த தலைகள் மறுபுறம். என் வாளுறையாகிய கைப்பைக்குள் கைவைத்தேன். நீர்மட்டம் குளிர்ந்தது.

"வெட்டுங்கோ," என்றேன்.

"எதிலை அம்மா?"

"நடுவிலை."

ஸெய்னுதீன் வாளியில் தண்ணீரோடு காவல் நிற்க, இரும்பறுக்கும் அரைவட்டு இரைந்தது. பட்டப்பகலில் விண்மீன்கள் சொரிந்தன. என் ஒற்றைப் பேருரு இரண்டாயிற்று. விடுதலையுற்ற பாதிகளைப் பாரந்தூக்கி வெளியே இழுத்து, வேறிடமின்மையால் வாசலின் இருமருங்கிலும் நிறுத்தியது. அரை அலை இப்பக்கம், அரை அலை அப்பக்கம், ஸ்பனர் கைப்பிடி இங்கே, அதன் வாய் அங்கே. கோயில் வாயிற்காவலர் இருவர்போல் அவை நிற்க, கண்காட்சிக்கு வந்த அத்தனைபேரும் எங்கள் இலச்சினையைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியதாயிற்று. உள்ளே ஸுல்பிகாவின் துணிக்கூடாரம், கோடுகள் நன்றாகத் தெரிய, எங்களுக்குரிய நிலத்தில் காற்றிலாடி நின்றது.

தவராசா மட்டும் உள்ளே போகவில்லை. ஒரு பாதியின் வெட்டுவாயைக் குனிந்து பார்த்து, விரல்மடக்கித் தட்டினார். மணியோசை எழுந்தது.

"குலசிங்கம், இது என்ன தகடு?"

"கப்பல் தகடு அண்ணை."

"கண்காட்சிக்கோ?"

"அக்கா நேரா நிக்கவேணும் எண்டவ."

கூட்டம் சிரித்தது. தவராசா சிரிக்கவில்லை. "என்ரை ஐஸ் ஆலையிலை உப்புத்தண்ணித் தொட்டி செய்தவன் பால்மா ரின் தகரம் மாதிரி ஒண்டைப் போட்டிட்டுப் போட்டான். உப்பு அதைத் தின்னுது. திங்கட்கிழமை வாங்கோ. தொட்டியையும் செய்து, வருசம் முழுக்க மிசினையும் நீங்களே பாருங்கோ." பின்பு என் பக்கம் திரும்பினார். "ஆனால் ஒண்டு அம்மா. தொட்டி ஒரே துண்டா இருக்கவேணும். ஒட்டுத் தெரியப்படாது."

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். வாசலில் சிக்கிய எங்கள் படம் அதற்குள் ஊரெங்கும் கைபேசிகளில் பறந்திருந்தது. நான் ஒருத்தியே சென்றுவந்த இணையத்தளத்துக்குள் சனம் நெரிந்தது. "இதையே முகப்பிலை போடட்டோ அன்ரி?" என்று ஸுல்பிகா கேட்டாள். படத்தில் எல்லாமே சரிந்திருந்தது. நெடுநேரம் பார்த்தேன். நேராக்காமலே போடச் சொன்னேன். வெற்றிமுரசு விண்ணதிர, எண்டிசைக் காற்றும் புகழ்பாட, பட்டறையின் பூட்டுத் தன் ஆணியிலேயே தொங்கித் துயில, ஆழ்துறையின் பெரும்படை சாம்பல்தீவு நோக்கித் திக்குவிசயம் புறப்பட்டது.

நான் முதலில் ஐஸ் ஆலையின் வாசலை அளந்தேன்.