ஒட்டுக்கேட்காத போன்

குக்கருக்குள்ளிருந்து போன் அடித்தது.

"என்னங்க, அடுப்புல வைக்கலாம்னு எடுத்தேன். குக்கர் பாடுது!" என்றாள் மனைவி.

லேத் பாய்ந்து வந்து குக்கரைப் பிடுங்கிக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை. அடித்து ஓயும்வரை அதை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திறக்காதே. கேட்டுடும்."

"யாருக்குக் கேட்டுடும்?"

"அதுக்குத்தான்."

அவள் குக்கரையும் பார்த்தாள், கணவரையும் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பது அவளுக்கு அத்துப்படி.

அவருக்கு லேத் என்பது பட்டறை வைத்த பெயர். இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்துக்கும் அதே பெயர்தான். "லேத்!" என்று கூப்பிட்டால் இயந்திரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், இவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பட்டறையில் ஒரு பக்கம் சம்மட்டி, ஒரு பக்கம் கிரைண்டர், நடுவில் இவர். அங்கே பேசுவதென்றால் கத்த வேண்டும். ரகசியம் பேசுவதென்றால் மற்றவர் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் அங்கே மரியாதை.

போன் குக்கருக்குள் போன கதை இதுதான். ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய பட்டறையில் போர்மேன் வேலை காலியாக இருந்தது. லேத் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு, நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தார். வியாழக்கிழமை போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த விஷயத்தைச் சனிக்கிழமை மாலை, சமையலறை ஜன்னலோரம், மனைவி ஒருத்தியிடம் மட்டும், அடக்கமான குரலில் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்தக் குழந்தைக்கு எப்போதுமே அரைத் தூக்கம்தான்.

திங்கட்கிழமை காலை முதலாளி லேத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா, வயித்துவலி தேவலையா? அந்தப் பெரிய பட்டறைப் பக்கம் காத்து நல்லா வீசுதாமே?"

லேத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தப் பட்டறையிலும் போர்மேன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதற்குப் போட்டி இவரும் வெல்டரும். ஓடப் பார்க்கிற ஆளுக்கு எந்த முதலாளி நாற்காலி போடுவார்? அங்கேயும் கிடைக்காமல் இங்கேயும் போய்விட்டால், நேற்றுவரை தோளில் கைபோட்ட வெல்டருக்கு "சரிங்க சார்" சொல்லியே மிச்சக் காலத்தைத் தள்ள வேண்டியதுதான். நினைக்கும்போதே அவருக்கு நிஜமாகவே வயிற்றை வலித்தது.

யார் போட்டுக் கொடுத்தது? முதல் சந்தேகம் மனைவி மேல். அன்று சாயங்காலம் முழுக்க அவளைக் கண்காணித்தார். அவள் தன் தங்கையிடம் மூட்டுவலியைப் பற்றிப் பேசினாள். அதுவும் அவளுடைய மூட்டைப் பற்றித்தான். அடுத்து எதிர்க்கடைத் தையல்காரர். குறுகலான தெருவுக்கு அந்தப் பக்கம், இவர்கள் மாடி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கீழே அவருடைய கடை. ஆனால் அவரை லேத் ஒரே நொடியில் விடுதலை செய்துவிட்டார். ஏனென்றால் அவரிடம் போனே கிடையாது. போன் இல்லாத மனுஷன் எப்படி உளவு பார்ப்பான்?

மிஞ்சியது சட்டைப் பையில் இருந்த போன்தான்.

"போன வாரம் வாஷிங் மெஷின் வாங்கலாமான்னு உன்கிட்ட கேட்டேன். மறுநாளே இதுல வாஷிங் மெஷின் விளம்பரம்! எப்படி வந்துச்சு?"

"நான்தாங்க உங்க போன்ல விலை பார்த்தேன்."

"அப்படித்தான் உன்னை நம்ப வச்சிருக்கான்" என்றார் லேத்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில், போன் ஒட்டுக்கேட்கிறது என்று லேத் புலம்பியதும், வெல்டர் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார். "போனைத் தூக்கிப் போடாதே. அதுல இருக்கிறதை வழிச்சு எறிஞ்சுட்டு லினக்ஸ்னு ஒரு இலவச சிஸ்டம் இருக்கு, அதைப் போடு. பழைய போன்ல அருமையா ஓடும். அதுல ஒட்டுக்கேட்க ஆளே கிடையாது!"

யோசனை பிடித்தது. ஆள்தான் பிடிக்கவில்லை. போட்டிக்காரன் எதற்காக வழி சொல்லித் தருகிறான்? தன் லேப்டாப்பையே தருவதாக வெல்டர் சொன்னதும் சந்தேகம் இரட்டிப்பானது. லேத் பல்லைக் காட்டிவிட்டு நழுவினார். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று பரணில் இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லினக்ஸ் போட வழி சொல்லும் இணையப் பக்கம் ஒன்றில், முதலில் போனின் அமைப்புகளுக்குள் போய் ஓர் எண்ணின் மேல் விடாமல் தட்டச் சொல்லியிருந்தது. தட்டினார். "நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்" என்றது போன். இத்தனை காலம் உழைத்தும் முதலாளி தராத பதவி உயர்வை இது நாலு தட்டில் தந்துவிட்டதே என்று ஒரு கணம் நெகிழ்ந்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். முகஸ்துதி செய்கிறவனை நம்பக்கூடாது.

அடுத்தது போனின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், நகல் எடுத்துவிட்டீர்களா என்று ஓர் எச்சரிக்கை வந்தது.

"நகல் எடுக்கணுமாம்ல! எங்க வைக்கிறது? இவன் வீட்டுலயேவா?" என்று சிரித்தார். "பயமுறுத்திப் பாக்கறான்."

ஆமாம் என்று அழுத்தினார். அது பயமுறுத்திப் பார்க்கவில்லை. மகள் கல்யாணப் படங்கள், உறவுக்காரர்களின் எண்கள், பெரிய பட்டறையின் எண் எல்லாம் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தன.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல். "உள்ள என்னங்க பண்றீங்க? தங்கச்சி கூப்பிட்டாளாம், உங்க போன் செத்துப்போச்சான்னு கேக்கறா."

"சாகலை. குளிச்சுட்டு வருது!"

போன் சும்மா குளிக்கவில்லை, மூழ்கியே போயிற்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின, நின்றன, மறுபடி முதலிலிருந்து ஓடின. போனின் மாடல் ஓர் எழுத்து வித்தியாசமாம். சரியானதைத் தேடி எடுத்து ஏற்றினார். அப்போது தொடுதிரை வேலை செய்யவில்லை. அதற்கு ஒரு மருந்து போட்டார். தொடுதிரை வந்தது, படம் தலைகீழாக நின்றது. போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்து, இதுவும் சரிதான், எட்டிப் பார்க்கிறவனுக்குப் புரியாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் இன்னொரு முறை எல்லாவற்றையும் அழித்துப் போட்ட பிறகுதான் படம் நேராக நின்றது.

எது வேலை செய்யும், எது செய்யாது என்று அந்த இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. கேமரா: இல்லை. "சபாஷ்!" என்றார். இருப்பிடம் காட்டுவது: இல்லை. "அப்படிப் போடு!" என்றார். அழைப்புகள்: ஓரளவு. "ஓரளவு போதும். நாம என்ன கச்சேரியா பண்ணப் போறோம்?"

ஆனாலும் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. படுக்கையறையிலிருந்து மனைவியின் எண்ணுக்கு அடித்தார். மணி அடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் தெருவுக்கே கேட்டது. காதில் வைத்து மெதுவாகப் பேசும் வழி இந்தப் போனில் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள் அவள், சமையலறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு.

கீழே இறங்கி வாசல் கேட்டருகே நின்று பேசினார். "இப்ப?"

"நல்லா கேக்குதுங்க. மேல வாங்க."

பரமதிருப்தி. கேட்க வேண்டியவருக்குக் கேட்கிறது, ஒட்டுக்கேட்பவனுக்கு வழியில்லை. அன்று பட்டறையில் முதலாளி புதுச் சட்டையில் வந்ததும், வெல்டரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனதும்தான் மனதை உறுத்தின. அந்தச் சட்டையின் தோள் வெட்டு எதிர்க்கடைக்காரர் கைவரிசை என்று பார்த்தவுடனே தெரிந்தது. நல்ல தையல்தான், போட்டிருப்பவர்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மறுபடி வயிற்றுவலி. லீவு போட்டுவிட்டுப் போனின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பகல் வேளையில் அது அலறியது.

"ஹலோ, பெரிய பட்டறையிலேருந்து பேசறோம்" என்றது ஒலிபெருக்கி.

"வணக்கம்ங்க! சொல்லுங்க!"

"ஹலோ... ஹலோ?"

"நான்தாங்க பேசறேன்! கேக்குதுங்களா?"

"ஒரு சத்தமும் வரலையே. யாராவது இருக்கீங்களா? சரி, நாலு மணிக்குக் கூப்பிடறோம். அப்பவும் பேசலேன்னா அடுத்த ஆளைப் பார்த்துக்கறோம்."

இணைப்பு அறுந்தது. லேத் போனை உலுக்கிப் பார்த்தார்.

"என் போன்லேருந்து கூப்பிட்டுப் பேசுங்களேன்" என்றாள் மனைவி. "எண்தான் இதுல விழுந்திருக்குமே."

"உன் போனும் அவன் ஆளுதான்!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். புதிதாக ஒரு சந்தேகம் முளைத்திருந்தது. "நேத்து நீ கேக்குதுன்னு சொன்னே. இன்னைக்கு அவங்க கேக்கலைங்கறாங்க. ரெண்டுல ஒண்ணு பொய்."

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? கேட்டுச்சு, சொன்னேன்!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கமும் சாயாத ஒரு சாட்சி வேண்டும். போனோடு எந்தச் சகவாசமும் இல்லாத ஆள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, குனிந்த தலை நிமிராமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவியின் போனை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் திணித்தார். "அண்ணே, ஒரு உதவி. இது அடிச்சதும் பச்சையைத் தொட்டு இப்படித் தள்ளுங்க, காதுல வைங்க. நான் மேலேருந்து பேசறேன். கேக்குதா இல்லையான்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க."

"அதுக்கென்ன தம்பி, சொல்லிட்டாப் போச்சு" என்றார் தையல்காரர்.

லேத் மேலே ஓடிவந்து ஜன்னலோரம் நின்று அடித்தார்.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றது ஒலிபெருக்கி.

"முழுசா? விட்டு விட்டா?"

"ஒரு வார்த்தை விடாம கேக்குது தம்பி."

லேத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியிடம் திரும்பி, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு. மன்னிச்சுக்கோ. கோளாறு அவங்க பக்கம்தான்" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். தையல்காரர் போனை அப்புறம் கொண்டுவந்து தருவதாகக் கை காட்டினார்.

நாலு மணிக்குப் போன் அலறியது. லேத் எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

"வணக்கம்ங்க! நான்தாங்க! நல்லா கேக்குதுங்களா?"

"ஹலோ? ஹலோ?"

"கேக்கும்ங்க! சாட்சி வச்சுச் சோதிச்சிருக்கேன்! எனக்கு அந்த வேலை வேணும்ங்க!"

பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சு. அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது. "இவரு லைன்லயே இல்லைப்பா. அடுத்தவரைக் கூப்பிடு."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தன. லேத் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

படியேறி வந்த தையல்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார். போனை இரண்டு கைகளாலும் பத்திரமாக நீட்டினார்.

லேத் தலையைத் தூக்கினார். "அண்ணே, உங்களுக்கு மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு?"

"இதுலேருந்து ஒரு மூச்சும் வரலைங்க தம்பி, அதுபாட்டுக்கு ஊமையா இருந்துச்சு, நான் எப்பவும்போல ஜன்னல் வழியாத்தான் கேட்டேன். அன்னைக்குச் சனிக்கிழமை சட்டைக்கு அளவு கொடுக்க வந்த உங்க முதலாளிகூட, தூக்கின கையை இறக்காம வயித்துவலி வரைக்கும் முழுசாக் கேட்டுட்டுத்தானே போனாரு!"