சிறுகுறிஞ்சானும் என் பங்கு அதிரசமும்

அந்தத் தீபாவளிக்கு அதிரசம் தின்றே தீருவது என்று முடிவு செய்தேன். டாக்டர் தடுத்தாலும் சரி, குஞ்சம்மாள் தடுத்தாலும் சரி. பிரெஞ்சுக்காரனையே கப்பலேற்றிய ஊர் இது. ஒரு மாத்திரைக்கா நான் பணிவேன்?

எண்பத்தொன்றாம் வருஷம் எனக்குச் சர்க்கரை வியாதி என்றார்கள். அன்று முதல் வீட்டில் என் மனைவி குஞ்சம்மாளின் ஆட்சி. காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இனிப்பு என்பது அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து வரும் வாசனை மட்டும்தான்.

அந்த அடுத்த வீடு சொல்தா சாமிக்கண்ணுவுடையது. சொல்தா என்றால் சிப்பாய்; பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அவர்தான் வழி சொன்னார்.

"கண்ணையா, எங்க வேலியில சிறுகுறிஞ்சான் கொடி கெடக்குது. எலையை மென்னு முழுங்கு. சர்க்கரை சரசரன்னு எறங்கிடும்."

"மாத்திரையும் போடறேனேண்ணே?"

"ரெண்டு காவக்காரன் இருந்தா திருடன் வருவானாய்யா?"

நியாயமாகத்தான் பட்டது. தீபாவளியோடு வரும் கேதார கௌரி நோன்புக்குச் சில நாள் முன்பே மெல்ல ஆரம்பித்தேன். மாட்டுக்கும் எனக்கும் கொம்புதான் வித்தியாசம்.

நோன்பன்று பெண்கள் புருஷன் நலத்துக்காகப் பட்டினி கிடப்பார்கள். சாயங்காலம் அதிரசம் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொண்ட பிறகுதான் வாயில் எதையும் வைப்பார்கள். முந்தின ராத்திரியே நான் பேச்சைத் தொடங்கினேன்.

"புருஷன் பங்கைப் புருஷன் தின்னலன்னா நோன்பு செல்லுமாடி?"

"டாக்டரு ஒத்துக்க மாட்டாரு."

"நோன்பு கௌரிக்கா, டாக்டருக்கா?"

குஞ்சம்மாள் யோசித்தாள். "சரி, மூணு. அதுக்கு மேல ஒரு துண்டு கேக்கக் கூடாது."

"எனக்காக நீ பட்டினி கெடக்கிற. உன்கூட நானும் கெடக்கறேன்."

"இன்னா திடீர்னு கரிசனம்?"

"மனுஷன்னா நன்றி வேணாமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. வெறும் வயிற்றில் இடம் அதிகம் என்பது என் எண்ணம்.

மறுநாள் காலையில் மாத்திரை. பகலெல்லாம் பட்டினி. விளக்கேற்றும் நேரத்துக்கு வேலியோரம் போய் ஒரு கைப்பிடி இலை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு விளக்கு இரண்டாயிற்று. இரண்டும் ஆடின. பிறகு நான் ஆடினேன்.

"இன்னாங்க! சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு! கை ஏன் இப்படி ஒதறுது?"

படையல் தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்தாள்.

"சாமிக்கு... இன்னும் படைக்கலடி..."

"சாமி காத்திருக்கும். நீங்க காத்திருக்க மாட்டீங்க. மெல்லுங்க!"

ஒன்று. இன்னொன்று. இன்னுமொன்று. எத்தனை மாதத்து ஏக்கம்! மென்றேன். மண். வடிகட்டின மண்.

"வெல்லமே போடலியாடி?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தெருக்கோடி டாக்டர் பெட்டியோடு வந்தபோது எனக்கு நடுக்கம் நின்றிருந்தது.

"மாத்திரை போட்டுட்டுப் பட்டினியா? வேற எதுனா சாப்ட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"அதிரசத்துல வெல்லமே போடலியான்னாரு டாக்டர்," என்றாள் குஞ்சம்மாள்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். பச்சை.

"சிறுகுறிஞ்சான்! அதை மென்னா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. மாத்திரையும் சர்க்கரையை எறக்குது, எலையும் எறக்குது, பட்டினி வேற. இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா உங்களைத்தான் எறக்கியிருக்கணும். எந்த மூலிகையா இருந்தாலும் எங்கிட்ட சொல்லாம தொடக் கூடாது. அம்மா, உடனே சோறு போடு. இன்னைக்கு இவரைத் தனியா விடாத."

டாக்டர் போனார். சோறு தின்றேன். குஞ்சம்மாள் மிச்சத்தைப் படைத்துவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டாள். முடிச்சு நிற்காமல் இரண்டு தரம் அவிழ்ந்தது. பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனாலும் பணியவில்லை. சோற்றுக்குப் பின் தின்ற வாழைப்பழத்தில் இனிப்பு தெரிந்தது. நாக்கு திரும்பிவிட்டது! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குஞ்சம்மா, எலையை இன்னையோட விட்டுட்டேன். சத்தியம். ஆனா என் பங்கை மட்டும் எவனுக்கும் விட்டுத்தர மாட்டேன். எடு அந்த மூணு அதிரசத்தை!"

அவள் தட்டை நிதானமாக மூடினாள்.

"மூணையும் அப்பவே தின்னுட்டீங்களே."